சேதி வராத கோட்டை: செஞ்சி முற்றுகையும் நம்ம போன் குறிப்புகளும்

இந்த எபிசோடு ஒரு புரளியில் தொடங்குது.

1692 கடைசி. செஞ்சிக்கோட்டையைச் சுத்தி முகாம் போட்டிருக்கிற முகலாயப் படைக்குள்ள ஒரு பேச்சு பரவுது. பாதுஷா ஔரங்கசீப் இறந்துட்டாராம்.

அவர் இறக்கலை. அதுக்கு அப்புறம் 14 வருஷத்துக்கு மேல உயிரோட இருந்து, 1707ல்தான் இறந்தார். ஆனா செஞ்சி முகாமில் இருந்தவங்களுக்கு இது பொய்னு உறுதியா சொல்ல அன்னிக்கு ஆள் இல்லை. பாதுஷா தக்காணத்தில். இவங்க இங்கே. நடுவில் தபால் வர்ற பாதையை மராட்டியக் குதிரைப்படை அறுத்துப் போட்டிருந்தது.

இன்னிக்கு நாம பேசப் போற விஷயம் ரொம்பச் சின்னதுதான். உங்க போன்ல ஒரு குறிப்பு எழுதுறீங்க. அதே குறிப்பு லேப்டாப்லயும் இருக்கணும். அங்கே மாத்தினா இங்கேயும் மாறணும். வெறும் எழுத்து, சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். இதுல என்ன வரலாறுன்னு கேட்பீங்க. இருக்கு. ரெண்டு இடத்தில் ஒரே விஷயம் இருந்து, நடுவில் பாதை அறுந்துபோனா என்ன ஆகும்ங்கிற கேள்வி கம்ப்யூட்டரை விட ரொம்பப் பழசு. செஞ்சிக்கு அது நல்லாத் தெரியும்.

இளவரசர் கையில் இருந்த பழைய தகவல்

முதல்ல கதையை முடிச்சிடுவோம். சிவாஜி 1677ல் செஞ்சியைப் பிடிச்சார். அவரோட மகன் ராஜாராம், மகாராஷ்டிரத்தில் முகலாயர் கை ஓங்கினதும் தப்பி வந்து, 1689 கடைசியில் இங்கே சேர்ந்தார். அதுக்கு அப்புறம் மராட்டிய அரசாங்கமே செஞ்சியில் இருந்துதான் நடந்தது. அவரைப் பிடிக்க ஔரங்கசீப் அனுப்பின தளபதி சுல்பிகார் கான். 1690ல் முற்றுகை தொடங்குச்சு. பின்னாடி சுல்பிகாரோட அப்பா, வஜீர் ஆசத் கானும், பாதுஷாவோட கடைசி மகன் காம் பக்ஷும் வந்து சேர்ந்தாங்க.

1692 கடைசியில் சாந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ்னு ரெண்டு மராட்டியத் தளபதிகள் பெரிய குதிரைப்படையோட வந்தாங்க. முற்றுகை போட்டவங்களே முற்றுகைக்குள்ள மாட்டினாங்க. தானியம் வரலை. சேதி வரலை. அப்பதான் அந்தப் புரளி.

காம் பக்ஷ் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. அப்பா இறந்துட்டார்னா அண்ணன்களோட அரியணைச் சண்டை. பக்கத்தில் இருக்கிற ரெண்டு பேரும் இவருக்கு ஆகாதவங்க. அவர் ராஜாராமோட ரகசியமா பேச்சு தொடங்கினார். விஷயம் தெரிஞ்சதும் ஆசத் கானும் சுல்பிகாரும் இளவரசரையே கைது பண்ணாங்க. முற்றுகையைக் கைவிட்டு 1693 தொடக்கத்தில் வந்தவாசிக்குப் பின்வாங்கினாங்க. மறுபடி வந்து கோட்டையைப் பிடிக்க 1698 ஆச்சு. அதுக்குள்ள ராஜாராம் தப்பிச்சுப் போய்ட்டார்.

காம் பக்ஷ் முட்டாள் இல்லை. கையில் இருந்த தகவலை வச்சு முடிவு எடுத்தார். அந்தத் தகவல் பழசா புதுசா, யார்கிட்டே இருந்து வந்தது, அதுக்கு அப்புறம் ஏதாவது மாறுச்சா, இதைச் சரிபார்க்க வழி இல்லை. அதுதான் சிக்கல். உங்க போன்ல இருக்கிற குறிப்புக்கும் அதே சிக்கல்தான்.

துண்டிக்கப்பட்டாலும் வேலை நடக்கணும்

செஞ்சிக்குப் போனவங்க பார்த்திருப்பீங்க. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை, முக்கோணமா. மூணையும் சேர்த்து ஒரு பெரிய மதில். ஆனா ஒவ்வொரு மலைக்கும் தனியா அரண் இருக்கு. ராஜகிரி உச்சிக்குக் கிட்டே பாறை பிளந்து ஒரு பள்ளம். அதுமேல ஒரு பாலம். அந்தக் காலத்தில் மரப்பாலத்தை எடுத்துட்டா மேலே இருக்கிறவங்க தனித் தீவு. ஆனா மேலேயே களஞ்சியம் இருக்கு, தண்ணி இருக்கு. இணைப்பு அறுந்துபோகும்னு முதல்லயே எதிர்பார்த்துக் கட்டின இடம் அது.

கம்ப்யூட்டர் உலகத்தில் இதே யோசனையைக் கொண்டுவந்தவங்களில் முக்கியமான ஒருத்தர் மகாதேவ் சத்யநாராயணன். சென்னை ஐஐடியில் படிச்சவர். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் இருக்கிற கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1980களில் அங்கே ஆண்ட்ரூன்னு ஒரு ஃபைல் சிஸ்டம் கட்டினாங்க. எல்லார் ஃபைலும் ஒரு பொதுவான சர்வரில். எந்த மெஷின்ல உட்கார்ந்தாலும் உங்க ஃபைல் கிடைக்கும். நல்லா வேலை செஞ்சது, சர்வர் இருக்கிற வரைக்கும். சர்வர் படுத்தா, நெட்வொர்க் அறுந்தா, எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு உட்கார வேண்டியதுதான்.

1987ல் அவங்க தொடங்கின அடுத்த திட்டத்தோட பேர் கோடா. அதோட யோசனை: இணைப்பு அறுந்துபோறது விபத்து இல்லை, வாடிக்கை. அதனால மெஷின் மூணு நிலையில் வாழணும். இணைப்பு இருக்கும்போது தேவைப்படுற ஃபைல்களை முன்கூட்டியே உள்ளே பதுக்கி வச்சுக்கணும். நிஜமாவே பதுக்கல்னு அர்த்தம் வர்ற வார்த்தையைத்தான் அவங்களும் வச்சாங்க, கோட்டைக் களஞ்சியம் மாதிரி. இணைப்பு அறுந்ததும் உள்ளே இருக்கிறதை வச்சே வேலை நடக்கணும், ஆனா பண்ற ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு கணக்கில் எழுதிக்கிட்டே வரணும். இணைப்பு திரும்பினதும் அந்தக் கணக்கை சர்வர்கிட்டே வரிசையா ஒப்பிச்சுச் சேர்க்கணும். இதைப் பத்தி சத்யநாராயணனும் அவர் மாணவர் ஜேம்ஸ் கிஸ்லரும் எழுதின கட்டுரை 1990களின் தொடக்கத்தில் வந்தது. இன்னிக்கு உங்க போன்ல சிக்னல் இல்லாம குறிப்பு எழுதுறீங்களே, அதுக்குப் பின்னால இந்த யோசனை இருக்கு.

நான் இந்த நிகழ்ச்சிக்கான குறிப்பு எல்லாத்தையும் டெக்ஸ்ட் ஃபைலாதான் வச்சிருக்கேன். ஒரு தலைப்புக்கு ஒரு ஃபைல். கோட்டையில் நடக்கும்போது போன்ல, வீட்டுக்கு வந்தா லேப்டாப்ல. எதுக்கு டெக்ஸ்ட் ஃபைல்? எந்த ஆப் மூடினாலும் ஃபைல் திறக்கும். அப்புறம், ரொம்பச் சின்னது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். 'செஞ்சி'ங்கிற சொல்லில் உயிர்க்குறி, புள்ளி எல்லாம் சேர்த்து 6 குறியீடு, ஆக 18 பைட். எல்லாத்தையும் விட முக்கியமா, எந்த வரி மாறுச்சுன்னு மெஷினால வரி வரியா ஒப்பிட முடியும். இந்தக் கடைசி குணம்தான் அடுத்து வரப்போற சண்டையில் நம்மளைக் காப்பாத்துது.

ரெண்டு பேரும் சரின்னா?

ஒரு உதாரணம். குறிப்பில் ஒரு வரி: "முற்றுகை 8 வருஷம்." போன்ல அதை "1690ல் தொடங்கி 8 வருஷம்"னு மாத்துறேன். போன் இன்னும் இணையத்தைத் தொடலை. போன்கள் பேட்டரியைக் காப்பாத்த, பின்னணியில் ஓடுற ஆப்களை அடிக்கடி தூங்க வச்சிடும். அதனால சிக்னல் இருந்தாலும் இப்படி ஆகும். அதே நேரம் லேப்டாப்ல அந்த வரியை "சுமார் ஏழரை வருஷம்"னு மாத்துறேன். ஏன்னா 1690 பிற்பகுதியில் இருந்து 1698 தொடக்கம் வரைன்னு கணக்குப் போட்டா அவ்வளவுதான் வருது. இப்போ ரெண்டும் சந்திக்குது. எது சரி?

சோம்பேறி வழி ஒண்ணு இருக்கு: கடைசியா எழுதினவர் ஜெயிச்சார். நேரத்தைப் பார்த்து, பின்னால வந்ததை வச்சுக்கிட்டு மற்றதைச் சத்தமில்லாம அழிக்கிறது. பல ஆப் இதைத்தான் பண்ணுது. ஆனா நேரத்தை யார் சொல்றது? ஒரு மெஷினோட கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால ஓடினா அது எப்பவும் ஜெயிக்கும். 1978லயே லெஸ்லி லாம்போர்ட் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் இதைப் பேசினார். தனித்தனி மெஷின்களுக்கு நடுவில் கடிகாரத்தை நம்ப வேண்டியதில்லை, எது எதுக்கு முன்னால நடந்ததுங்கிற வரிசையைப் பிடிச்சா போதும்னு.

நடைமுறையில் அது இப்படி. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு எண்ணிக்கை: போன் 4 தடவை, லேப்டாப் 3 தடவை மாத்தியிருக்கு. போன்ல மறுபடி மாத்தினா 5, 3. அது பழைய 4, 3க்கு அப்புறம் வந்ததுன்னு சந்தேகமே இல்லை. ஆனா அதே பழைய நிலையில் இருந்து லேப்டாப்பும் மாத்தினா அங்கே 4, 4. இப்போ 5, 3 பெருசா, 4, 4 பெருசா? ரெண்டும் இல்லை. ஒண்ணு இன்னொண்ணைப் பார்க்காம எழுதப்பட்டது. கடிகாரமே பார்க்காம மோதலைக் கண்டுபிடிச்சாச்சு. சிங்க்திங் மாதிரியான மென்பொருள் இந்தக் கணக்கைத்தான் வச்சிருக்கு.

கண்டுபிடிச்சதும் என்ன பண்றது? இங்கே நம்ம ஊர்ல ஒருத்தர் வழி காட்டிட்டுப் போயிருக்கார். உ.வே. சாமிநாதையர் 1887ல் சீவக சிந்தாமணியையும் 1894ல் புறநானூற்றையும் பதிப்பிச்சப்போ, வெவ்வேறு ஊர்ல இருந்து வந்த ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு ஏட்டில் ஒரு சொல், இன்னொரு ஏட்டில் வேற சொல். ஒண்ணைத் தேர்ந்தெடுத்து மேலே போட்டார். ஆனா மற்றதைத் தூக்கி எறியலை. அதுக்குப் பிரதிபேதம், பாடபேதம்னு பேர் வச்சு அச்சிலேயே கொடுத்தார். நாளைக்கு வர்றவர் வேற முடிவுக்கு வரலாம் இல்லையா?

டிராப்பாக்ஸ்ல நீங்க சில சமயம் பார்த்து எரிச்சலாகிற 'கான்ஃப்ளிக்டட் காப்பி' ஃபைல் இருக்கே, அது பாடபேதம்தான். அதைக் காட்டுற மென்பொருள் உங்களைத் தொந்தரவு பண்ணலை, உங்ககிட்டே உண்மையைச் சொல்லுது. காட்டாம இருக்கிறதுதான் பயப்பட வேண்டியது.

ஒரு படி மேலே போகலாம். ரெண்டு நகல் மட்டும் கையில் இருக்கு, ஒண்ணில் ஒரு வரி கூடுதலா இருக்குன்னு வைங்க. அந்த வரி இதில் சேர்க்கப்பட்டதா, இல்ல அதில் அழிக்கப்பட்டதா? ரெண்டை மட்டும் பார்த்தா சொல்லவே முடியாது. மூணாவதா ஒண்ணு வேணும்: ரெண்டும் பிரியறதுக்கு முன்னால இருந்த மூலம். மூலத்தில் அந்த வரி இருந்தா, அழிச்சிருக்காங்க. இல்லைன்னா, சேர்த்திருக்காங்க. 2005ல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கின கிட் மாதிரியான கருவிகள் பழைய நிலை எல்லாத்தையும் சேமிச்சு வைக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். வரலாறு இல்லாம ரெண்டு பேரைச் சமாதானம் பண்ண முடியாது.

ஒத்திசைவு வேற, பாதுகாப்பு வேற

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்குவோம். "என் குறிப்பு மூணு மெஷின்ல சிங்க் ஆகுது, அதனால பத்திரமா இருக்கு"ன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. சிங்க் ஒழுங்கா வேலை செஞ்சா என்ன ஆகும் தெரியுமா? போன்ல தெரியாம அழிச்சா மூணுலயும் அழியும். அதோட வேலையே அதுதான்.

இதுக்கு நேர் எதிரான கதை ஒண்ணு செஞ்சிக்குப் பக்கத்துலயே இருக்கு. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சியைப் பிடிச்சார். அப்போ இங்கே இருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டரில், பாண்டிச்சேரியில், கவர்னர் டூப்ளேவோட துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736ல் தொடங்கி, 1761 ஜனவரியில் இறக்கிற வரைக்கும், ஏறக்குறைய 25 வருஷம் நாட்குறிப்பு எழுதினவர். தமிழ்த் தேதி, ஐரோப்பியத் தேதி ரெண்டும் போட்டு, பார்த்ததையும் கேட்டதையும் எழுதினார். அவர் இறந்து சில நாளிலேயே பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. நகரத்தை இடிச்சாங்க. அந்த ஏப்ரலில் செஞ்சியும் விழுந்தது. நாட்குறிப்பு தப்பிச்சது.

1846ல் கல்வா மோன்பிரோன் அதைக் கண்டுபிடிச்சு நகல் எடுத்தார். எதுவார் ஆரியேல் எடுத்த நகல் பாரீஸ் தேசிய நூலகத்துக்குப் போச்சு. 1890களில் சென்னை அரசாங்கம் தனக்கு ஒரு நகல் எடுத்துக்கிட்டது. அதை வச்சு 1904ல் இருந்து 1928க்குள்ள 12 தொகுதியா ஆங்கிலத்தில் வந்தது. மூலத்தில் நடுவில் இடைவெளிகள் இருக்கு. எல்லா நாளும் நமக்குக் கிடைக்கலை. ஆனா கவனிங்க: இந்த நகல்கள் ஒண்ணோட ஒண்ணு இணைக்கப்படலை. பாண்டிச்சேரியில் ஒரு ஏடு செல்லரிச்சா பாரீஸ் நகல் தானா அரிக்காது. அந்த முட்டாள்தனமான தனிமைதான் பாதுகாப்பு. அதனால உங்க குறிப்புகளுக்கும் சிங்க் ஆகாத ஒரு நகல் வேணும். மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து, ஒரு பென்டிரைவில் போட்டு, அலமாரியில் வச்சாலே போதும்.

'கோ'வில் ஒளிஞ்சிருக்கிற ரெண்டு ஃபைல்

கடைசியா, தமிழ்ல எழுதுறவங்களுக்கு வர்ற ஒரு வினோதம். அதுவும் செஞ்சிக்கோட்டைங்கிற பேரிலேயே இருக்கு.

யூனிகோடில் 'கோ'வை ரெண்டு விதமா எழுதலாம். க-வுக்கு அப்புறம் 'ோ'ங்கிற ஒரே குறி. இல்லைன்னா க, இரட்டைக்கொம்பு, துணைக்கால்னு தனித்தனியா. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். யூனிகோடு விதிப்படியும் ரெண்டும் சமம்தான். ஆனா பைட்டாப் பார்த்தா வேற வேற. கொ, கோ, கௌ மூணு வரிசைக்கும் இது உண்டு.

1998ல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எஃப்எஸ் பிளஸ், ஃபைல் பேர்களைப் பிரிச்ச வடிவத்தில் சேமிச்சது. லினக்ஸ் நீங்க கொடுத்த பைட்டை அப்படியே வச்சுக்கும். ஆக, லினக்ஸ்ல 'செஞ்சிக்கோட்டை'ன்னு ஒரு ஃபைல் உருவாக்கி, பழைய மேக்குக்கு அனுப்பி, திரும்ப வாங்கினா, ஒத்திசைக்கிற மென்பொருள் கவனமா இல்லைன்னா, ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் நிற்கும். ஒண்ணில் எழுதினது இன்னொண்ணில் வராது. 2017ல் வந்த ஏபிஎஃப்எஸ் ரெண்டு வடிவத்தையும் ஒண்ணா எடுத்துக்குது. நல்ல ஒத்திசைவு மென்பொருள்களும் இப்போ ரெண்டையும் ஒரே வடிவத்துக்கு மாத்திடுது. ஆனா சில தேடல் கருவிகளில் இந்தத் தொல்லை இன்னும் மிச்சம். கண் முன்னால இருக்கிற சொல்லைத் தேடினா கிடைக்காது. 'செஞ்சி'ன்னு மட்டும் பேர் வச்சா இந்தச் சிக்கலே இல்லை, அதில் இந்த மூணு குறியும் கிடையாது. நான் ஃபைல் பேர்களைத் தேதி எண்ணில் தொடங்குறேன், இந்த மூணு வரிசையும் வராத சொல்லாப் பார்த்து வைக்கிறேன்.

போறதுக்கு முன்னால ஒரு சோதனை சொல்றேன். இன்னிக்கு ராத்திரி ஒரு வெத்துக் குறிப்பை எடுங்க. போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்க. அதில் ஒரு வரியை மாத்துங்க. அதே வரியை லேப்டாப்பில் வேற மாதிரி மாத்துங்க. அப்புறம் போனைத் திரும்ப இணைங்க. ரெண்டையும் காட்டி, எது வேணும்னு ஆப் உங்களைக் கேட்டா, தைரியமா அதில் எழுதுங்க. ஒண்ணு மட்டும் நின்னு, இன்னொண்ணு சத்தமே இல்லாம காணாமப் போனா, அந்த ஆப்புக்குள்ள முக்கியமான எதையும் வைக்காதீங்க.

ரிசல்ட் என்னன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.